உருமாலில் உட்கார்ந்த பட்டாம்பூச்சி

"அசையாதீங்க சம்பந்தி! அப்படியே இருங்க!"

அப்பா போட்ட சத்தத்தில் விருந்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்திருந்த ஒறம்பரை மொத்தமும் அப்படியே நின்றுபோனது. சம்பந்தியாகப் போகிறவர் கையிலிருந்த ஒப்பிட்டுப் போளி, இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. பாம்போ, செய்யான் என்கிற பெரிய பூரானோ என்று பெண்கள் எல்லோரும் பந்தலின் ஓலைக்கூரையைப் பார்த்தார்கள். நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

பாம்பும் இல்லை, செய்யானும் இல்லை. அவர் தலையில் கட்டியிருந்த வெள்ளை உருமாலின் உச்சியில் ஒரு பட்டாம்பூச்சி உட்கார்ந்திருந்தது.

நல்ல கறுப்பு. வெல்வெட்டுத் துணியில் வெட்டி எடுத்தது போன்ற கறுப்பு. அதில் பளிச்சென்று வெள்ளை வட்டங்கள். இறக்கையை மெல்ல விரிக்கும்போது வெள்ளையைச் சுற்றி ஊதாவாக ஓர் ஒளி வந்தது. கொஞ்சம் திரும்பினால் அது காணாமல் போனது.

போன வாரம் சங்ககிரிக் கோட்டைக்கு ஏறும் வழியில் நான் செருப்பைத் தொலைத்த கதையைப் படித்துவிட்டுச் சில வாசகிகள், "செருப்பு இருக்கட்டும், உங்கள் கல்யாணக் கதை எப்போது?" என்று கேட்டிருக்கிறார்கள். இதுதான் அது. என்ன செய்வது, என் கல்யாணக் கதையில் மாப்பிள்ளைக்கு முன்னால் இந்தப் பட்டாம்பூச்சிதான் வருகிறது.

ரசம் ஆறியது

அப்பா சங்ககிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அழகாக ஏதாவது கண்ணில் பட்டால் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். ஒருமுறை, கொதிக்கிற ரசத்திலிருந்து எழும் ஆவி வளைகிற வளைவை வரைகிறேன் என்று உட்கார்ந்து, அன்றைக்கு வீட்டில் யாரையும் ரசத்தைத் தொட விடவில்லை. "ஆவியத்தான் வரஞ்சாச்சே, அதையே ஊத்திச் சாப்புடுங்க" என்று அம்மா அவருக்கு வெறும் சோற்றைப் போட்டாள்.

உருமால்காரர் திருச்செங்கோட்டுப் பக்கம். விவசாய இலாகாவில் டிமான்ஸ்ட்ரேட்டர். ஊர் ஊராகப் போய், எந்த விதை நல்லது, எந்தப் பூச்சிக்கு என்ன மருந்து என்று குடியானவர்களுக்குச் சொல்கிற உத்தியோகம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார். அவருடைய ஒரே மகன் ஓமலூரில் வாத்தியார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் உப்புச்சர்க்கரை. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவானதற்கு அடையாளமாக இரண்டு வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொள்வார்கள். விருந்து முடிந்ததும் மாற்றிக்கொள்வதாக, தட்டில் இரண்டும் தயாராக இருந்தன.

அப்பா உள்ளே ஓடிப்போய் காகிதம், பென்சில், வர்ணப்பெட்டி எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார். சம்பந்திக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார்.

"என்னுங்க தலையில?" என்றார் டிமான்ஸ்ட்ரேட்டர், உதடு மட்டும் அசைய.

"பேசாதீங்க, பறந்துரும்."

பெரிய மனிதர். மரியாதைக்காக அப்படியே உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. ஒப்பிட்டிலிருந்து நெய் முழங்கை வழியாக இறங்கியது. அந்தப் பந்தியில் ஒரே ஒருவருக்குத்தான் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளைக்கு. அவர் இலையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அந்தத் தோளைப் பார்த்த நிமிஷத்தில் எனக்கு மனசில் முடிவாகிவிட்டது. கட்டினால் இவரைத்தான்.

பட்டாம்பூச்சி ஒருவழியாகக் கிளம்பி, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னாலிருக்கும் பொடக்காளிப் பக்கம் போனது. அப்பாவும் பின்னாலேயே ஓடினார். கை கழுவுகிற சாக்கில் டிமான்ஸ்ட்ரேட்டரும் போனார். மற்றவர்கள் ஆறிப்போன ரசத்தைக் குடித்துவிட்டு வேடிக்கை பார்க்கப் போனார்கள்.

காக்கைக்கும் கல்யாணமா?

பொடக்காளியில் அம்மா பருப்புக்கீரை போட்டிருந்தாள். ஐப்பசி மழைக்குத் தரை தெரியாமல் படர்ந்திருந்தது. அதற்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி தாழத் தாழப் பறந்துகொண்டிருந்தது. இறக்கை நுனி மட்டும் கறுப்பு, அதில் ஒரு வெள்ளைப் பட்டை. கறுப்பு வந்ததும் ஆரஞ்சைத் துரத்த ஆரம்பித்தது.

"இதுக்குப் போயி இத்தனை பாடுங்களா?" என்றார் டிமான்ஸ்ட்ரேட்டர், கழுத்தைத் தேய்த்துக்கொண்டே. "இந்தக் கறுப்பு ஆம்பளைங்க. அதா, ஆரஞ்சா முன்னால போகுது பாருங்க, அது இதோட ஊட்டுக்காரி."

அப்பா சிரித்தார். "அது எருக்கஞ்செடில திரியறதுங்க. ஊர்ல இருக்கற கொளந்தைக்கெல்லாம் தெரியுமே. இந்தக் கறுப்பு புதுசு. நம்ம சீமையில இதுவரைக்கும் நான் பார்த்ததே இல்லீங்க. இது வேற, அது வேற."

"மயிலு ஒரு நெறம், பொட்டை மயிலு ஒரு நெறம் இல்லீங்களா?"

"மயிலுக்கு மூஞ்சியாச்சும் ஒண்ணா இருக்குதுங்களே! இதுல எதுங்க ஒண்ணா இருக்குது? நான் வருசக்கணக்கா கலர் பார்க்கறவன்."

"நான் வருசக்கணக்கா பூச்சி பார்க்கறவனுங்க. தொரத்தறதப் பார்த்தாலே தெரியுதே, புருசம் பொண்டாட்டின்னு."

அந்த நேரம் பார்த்தா ஒரு காக்கை கீரைப்பாத்தியில் வந்து இறங்க வேண்டும்? கறுப்புப் பட்டாம்பூச்சி ஆரஞ்சை விட்டுவிட்டுக் காக்கையைத் துரத்தியது.

"அப்போ அந்தக் காக்காயும் இதோட ஊட்டுக்காரிங்களா?" என்றார் அப்பா.

கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். டிமான்ஸ்ட்ரேட்டர் முகம் சுருங்கிப்போனது. சுற்றுப்பட்டுக் குடியானவர்கள் எல்லாம் அவர் பேச்சைக் கேட்டுத்தான் வெள்ளாமை வைக்கிறார்கள். அவரைப் பார்த்துச் சம்பந்தி வீட்டில் சிரிப்பதா?

"படம் போடறவங்களுக்கு உசுரு இருக்கற ஜீவனைப் பத்தி என்னுங்க தெரியும்?" என்றார்.

"மருந்தடிச்சுக் கொல்றவங்களுக்கு மட்டும் தெரியுங்களா?" என்றார் அப்பா.

அவ்வளவுதான். வெற்றிலை பாக்குக்கூட எடுக்காமல் வண்டியைப் பூட்டிவிட்டார்கள். தட்டிலிருந்த சர்க்கரையை எறும்பு எடுத்துக்கொண்டது. உப்பை அம்மா ஜாடியில் திருப்பிப் போட்டாள்.

பெரியம்மா நடந்த நடை

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது ஆட்டையாம்பட்டிப் பெரியம்மா, அம்மாவின் அக்காள். சம்பந்தம் முறிந்தால் தன் பேர் கெட்டுவிடும் என்று அவள் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்தாள்.

"ரெண்டும் ஒரே பூச்சிதான்னு உங்கூட்டுக்காரர் ஒத்துக்கிட்டா, தையிலயே முகூர்த்தம் வெச்சுக்கலாமாம்" என்று அங்கிருந்து சேதி கொண்டுவந்தாள்.

"ரெண்டும் வேறன்னு அவரு ஒத்துக்கட்டும். நாளைக்கே வெச்சுக்கலாம்" என்றார் அப்பா.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, அந்தப் பூச்சிக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு அப்புறம் பாருங்க. மொதல்ல நம்ம புள்ளைக்கு ஆகுமான்னு பாருங்க!"

அப்பா காதில் விழவில்லை. அவர் அந்த ஊதாவோடு போராடிக்கொண்டிருந்தார்.

அந்தப் போராட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். கறுப்பையும் வெள்ளையையும் அவர் அன்றைக்கே வரைந்துவிட்டார். அந்த ஒளிதான் பிடிபடவில்லை. ஊதாவைத் தீட்டினால் ஊதா அங்கேயே நிற்கிறது. பட்டாம்பூச்சியில் அது வருகிறது, போகிறது. மயிலிறகைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அது மினுங்குவதைக் குனிந்து பார்த்தார். நாமக்கட்டியைக் குழைத்து அடியில் பூசினார். வீடெல்லாம் மண்ணெண்ணெய் வாசம். காகிதத்தைக் கையில் பிடித்து அப்படியும் இப்படியும் ஆட்டி, "இப்போ தெரியுதா அம்மிணி?" என்பார். "தெரியற மாதிரி இருக்குதுங்கப்பா" என்பேன். "அப்படீன்னா தெரியலை" என்று கிழித்துப் போடுவார்.

நான் என்ன செய்வது? எனக்கு அந்தத் தோள் குலுங்கியது கண்ணிலேயே நின்றது. யாரிடம் சொல்ல முடியும்? அந்தக் காலத்தில் ஒரு பெண் அதைச் சொன்னால், பட்டாம்பூச்சியை விட்டுவிட்டு ஊர் முழுக்க அவளைத்தான் வேடிக்கை பார்க்கும்.

கீரையில் வந்த விருந்தாளி

கார்த்திகையில் ஒரு காலை, கீரை பறிக்கப் போன அம்மா போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் ஓடிவந்தார்கள். பருப்புக்கீரை பாதிக்குமேல் மொட்டையாகிக் கிடந்தது. மிச்சமிருந்த தண்டுகளில் கறுப்புப் புழுக்கள். உடம்பு முழுக்கக் கிளை கிளையாக முள். தலை மட்டும் செம்மஞ்சள்.

"டிமான்ஸ்ட்ரேட்டரை விரட்டி உட்டாச்சு. இப்போ மருந்துக்கு எங்க போறது?" என்று அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு முறத்தை எடுத்து வந்து எல்லாவற்றையும் தட்டி அள்ளிக் கோழிக்குப் போட்டாள். கோழி ஒன்றைக் கொத்திப் பார்த்துவிட்டு, தலையை உதறிக்கொண்டு போய்விட்டது.

எனக்கு ஏதோ தோன்றியது. அன்றைக்கு ஆரஞ்சு அந்தப் பாத்தியின் மேலேயே தாழத் தாழப் பறந்தது எதற்காக? ஒருவேளை முட்டை வைக்கத்தானோ? இந்தப் புழு ஆரஞ்சாக மாறுமா, கறுப்பாக மாறுமா?

மிட்டாய்க் கடையில் வாங்கிய கண்ணாடி சீசா ஒன்று வீட்டில் இருந்தது. அதில் கோழி விட்டுப்போன சில புழுக்களைப் போட்டு, வாயைத் துணியால் கட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். அம்மா கீரை எங்கே எங்கே என்று தேடுவாள். நான் அவளுக்குத் தெரியாமல் மிச்சத்தையும் பறித்துப் புழுவுக்குப் போட்டேன். அதுகள் தின்கிற தீனியைப் பார்த்தால், டிமான்ஸ்ட்ரேட்டர் மருந்தடிப்பதில் தப்பே இல்லை என்று தோன்றியது.

கடைசியில் மூன்று மட்டும் பிழைத்தன. துணியின் அடியில் தலைகீழாகத் தொங்கிக் கூடாகிவிட்டன. காய்ந்த சருகு போல மூன்றும் ஒரே மாதிரி.

ஒரு நாள் காலையில் முதல் கூடு உடைந்தது. வெளியே வந்தது, கறுப்பு. இறக்கை ஈரமாகச் சுருங்கியிருந்தது. அது விரிய விரிய அந்த ஊதா ஒளி மெல்ல எழும்பியது. எனக்குத் தாங்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டேன்.

அப்பா சீசாவை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கூத்தாடினார். "பார்த்தியா! கீரையில வளர்றது கறுப்பு, எருக்குல வளர்றது ஆரஞ்சு. ரெண்டும் வேற வேற. இத அந்த மனுசனுக்கு யாராச்சும் போயிச் சொல்லுங்க!"

யாரும் போவதற்குள் மறுநாள் இரண்டாவது கூடு உடைந்தது. ஆரஞ்சு.

ஒரே ஒரு பொட்டு

"எருக்கஞ்செடிப் புழு ஒண்ணையும் தெரியாம புடிச்சுப் போட்டுட்டே நீ" என்றார் அப்பா.

"இல்லீங்கப்பா. எல்லாம் கீரையில எடுத்ததுங்க. எல்லாம் அதே முள்ளுப் புழுங்க."

"எருக்கம்பூச்சியேதான் இது. வேணும்னா பாரு."

கொசுவலைத் துணியை எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் போனார். எருக்கில் திரிந்த ஆரஞ்சு ஒன்றைப் பிடித்து வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றே என்று வரைந்து காட்ட உட்கார்ந்தார்.

நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எருக்கம்பூச்சியின் பின் இறக்கையை வரைந்தார். நடுவில் மூன்று நான்கு கறுப்புப் பொட்டுகள் வைத்தார். அடுத்து, சீசாவில் பிறந்ததை வரைய ஆரம்பித்தார். பின் இறக்கையின் மேல் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தார். தூரிகை அடுத்த பொட்டுக்குப் போனது. அங்கேயே நின்றது.

அடுத்த பொட்டு இல்லை. இதற்கு ஒன்றே ஒன்றுதான்.

எழுந்து போய் எருக்கில் இன்னொன்றைப் பிடித்து வந்தார். அதற்கும் நடுவில் பொட்டுகள். அப்படியானால் சீசாவில் பிறந்த ஆரஞ்சு எருக்கம்பூச்சி இல்லை; கறுப்பின் ஜோடியேதான். அப்பா மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை.

சாயங்காலம் அம்மாவிடம், "அந்த மனுசன் தெரிஞ்சு சொல்லலை. குருட்டாம்போக்குல சொன்னாரு" என்றார்.

"சரிதானுங்களே?"

"சரிதான்."

"அப்போ போயிச் சொல்லிட்டு வாங்க."

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் சலவைச் சட்டை போட்டார். ஒரு கையில் படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். மறு கையில், மூன்றாவது கூடு தொங்குகிற சீசா. திருச்செங்கோட்டு பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் கால் வைத்தார்.

வாசலில் டிமான்ஸ்ட்ரேட்டர் நின்றுகொண்டிருந்தார். பின்னால் வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை.

தோற்க வந்த இருவர்

"நானே வாரேன்னு கிளம்பிட்டனுங்க" என்றார் டிமான்ஸ்ட்ரேட்டர். "கேம்ப் வந்த பெரிய ஆபீசர் ஒருத்தர்கிட்டக் கேட்டுட்டேன். ஆரஞ்சு எருக்கம்பூச்சிதானாம். கறுப்பு வேறயாம். நீங்க சொன்னதுதான் சரிங்க. நான் பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க."

"இல்லீங்க சம்பந்தி. நீங்க சொன்னதுதான் சரி. ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்றார் அப்பா.

"அட, உங்க பெருந்தன்மைக்காக அப்படிச் சொல்லாதீங்க. நான்தான் தப்பு."

"நீங்க தப்பில்லீங்க. நான்தான் தப்பு."

"ஆபீசரே சொல்லிட்டாருங்க!"

"ஆபீசரு கெடக்கறாருங்க! எம்புள்ள சீசாவுல வளத்த புழு, என் கண்ணால பார்த்தேன்."

"படிச்சவர உட உங்க கண்ணு பெருசுங்களா?"

"அன்னைக்கு நீங்கதானுங்களே புருசம் பொண்டாட்டின்னீங்க!"

"அன்னைக்கு நீங்கதானுங்களே காக்காயான்னு கேட்டீங்க!"

இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சண்டை போட்டார்கள். முதல் நாளைவிடக் குரல் உயரமாக இருந்தது. நான் நடுங்கிப்போய்ப் பொடக்காளிப் பக்கம் போய்விட்டேன். அங்கே மாப்பிள்ளை வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டுக் கை கழுவ வந்தார். அக்கம்பக்கம் பார்த்தார்.

"புழு வளத்தது நீங்கதானுங்களா?" என்று கேட்டார்.

உலகத்தில் எந்த மாப்பிள்ளையும் கட்டப்போகிற பெண்ணிடம் முதல் பேச்சாக இதைக் கேட்டிருக்க மாட்டார்.

"ஆமாங்க" என்றேன். "இன்னும் ஒரு கூடு பாக்கி இருக்குதுங்க."

"அது என்னவா வந்தாலும் சரி, தையிலயே கல்யாணம்னு எங்கப்பன்கிட்டச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கறனுங்க" என்றார். சொல்லிவிட்டு, கழுவிய கையையே மறுபடி கழுவினார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. தண்ணீர்ச் செம்பை மட்டும் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் வாசலில் சத்தம் ஓய்ந்திருந்தது. அப்பா படங்களைத் தரையில் விரித்திருந்தார். டிமான்ஸ்ட்ரேட்டர் குப்புறப் படுக்காத குறையாகப் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்துத் தலையைத் தூக்கினார்.

"அப்போ மொதல்ல நான் சொன்னதுதான் சரிங்களா?"

"அதைத்தானுங்க தொண்டை வத்தச் சொல்லிட்டு இருக்கறேன்!"

"அப்படீன்னா நான் இப்போ எதுக்குங்க மன்னிப்புக் கேட்டேன்?"

அப்பா சீசாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, இலை போடச் சொல்ல உள்ளே போனார்.

பெயர் என்ன?

பல வருடம் கழித்துச் சேலத்தில் ஒரு நூலகத்தில், படம் போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் அதைக் கண்டுபிடித்தோம். ஆண் கறுப்பு, பெண் ஆரஞ்சு. எருக்கம்பூச்சி கசக்குமாம், பறவைகள் தொடாதாம். அதனால் இந்தப் பெண் பூச்சி எருக்கம்பூச்சி போல வேஷம் போட்டுக்கொண்டு பிழைக்கிறதாம். ஆபீசரே ஏமாந்த வேஷம். அதற்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'முட்டை ஈ' என்று வருகிறது. அவ்வளவு அழகை ஈ என்று சொல்ல எப்படி மனசு வந்ததோ!

ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தவர்கள், அதற்கு என்ன பெயர் வைப்பது என்று ஆரம்பித்தார்கள்.

"ஊதாமதி" என்றார் அப்பா.

"வெள்ளாமைக்காரனுக்குப் புரியற மாதிரி இருக்கோணுமுங்க. 'கீரைக் கறுப்பன்'" என்றார் டிமான்ஸ்ட்ரேட்டர்.

"அப்போ அந்த ஆரஞ்சுப் பொம்பளை எங்கீங்க போறது? அதுவும் கறுப்பனா?"

"உங்க பேருல மட்டும் அது இருக்குதுங்களா? அதுக்கு ஊதா ஏதுங்க?"

குரல் மறுபடி ஏற ஆரம்பித்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். பாத்தி மொட்டையாகிப் போனதில் கீரை இல்லாமல் பருப்பு மட்டும் கடைந்து எடுத்து வந்திருந்த அம்மா, கரண்டியோடு அவர்கள் நடுவில் நின்றாள்.

"'சம்பந்திப் பூச்சி'ன்னு வெய்யுங்க" என்றாள். "ஒண்ணு மூஞ்சி ஒண்ணுக்கு ஒட்டாது. ஆனா ஒண்ணு போற எடத்துக்கெல்லாம் இன்னொண்ணு தொரத்திட்டுப் போயி வம்பு வளக்கும். குடும்பம் என்னமோ ஒரே குடும்பந்தான்."

அப்பா டிமான்ஸ்ட்ரேட்டரைப் பார்த்தார். டிமான்ஸ்ட்ரேட்டர் இலையைப் பார்த்தார். அவர் தோள் முதலில் லேசாக ஆடியது. பிறகு நன்றாகக் குலுங்கியது. அப்பாவுக்கு ரசத்தில் புரையேறிவிட்டது. அப்பாவின் தலையில் தட்டிக்கொண்டே, "உப்பையும் சர்க்கரையையும் கொண்டாங்க தங்கச்சி, இவரு மறுபடி வாயத் தெறக்கறதுக்குள்ள" என்றார் என் மாமனார்.